பேராதனைப் பூந்தோட்டத்திலை நான் வெளிநாட்டுக்காரன்

கண்டிக்குப் பக்கத்திலை இருக்கிற பேராதனையிலை என்ன பார்த்தனீங்கள் எண்டு கேட்கிறவைக்கு முதலே சொல்லிப்போடுறன், நான் கனநேரம் பார்த்தது ரிக்கெட் கவுண்டரைத்தான்.

1982இலை பள்ளிக்கூடச் சுற்றுலாவிலை வந்தது, புட்டுப் பார்சலோட, ஆளாளின்ர கையைப் பிடிச்சு வரிசையா. ரிக்கெட் எடுக்கிறது மாஸ்ரரின்ர வேலை, எங்களுக்கு ஒண்டும் தெரியாது. இப்ப வாசலிலை பார்த்தால் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு அதைவிடப் பல மடங்கு. வெளிநாட்டிலை இருந்து வந்த நாங்கள் நாலு பேர், கூட வந்த சின்னம்மா மட்டும்தான் உள்ளூர். எனக்கு மூளை வேற பக்கம் ஓடத் தொடங்கீட்டுது. பேர்ஸுக்குள்ள 1987இலை எடுத்த அடையாள அட்டை இன்னும் கிடக்கு, கறுப்பு வெள்ளைப் படம் போட்டு லமினேற் பண்ணினது. "விசர் வேலை பாக்காதேங்கோ, பிள்ளையள் வாயைத் திறந்தால் இங்கிலிஸ்தான் வரும்" எண்டு மனிசி. கேட்டனானே?

லைனிலை நிண்டு தெரிஞ்ச ரெண்டு சிங்களச் சொல்லைப் பாடமாக்கி, "ரிக்கட் பஹக்" எண்டு நீட்டி முழக்கிச் சொல்ல, உள்ளுக்கு இருந்த தம்பி நிமிந்து பாத்திட்டு "அஞ்சு பேரா அண்ணே?" எண்டான். மலையகத் தமிழ்! அந்தக் காலத்திலை இஞ்சால பக்கம் வந்தால் நாங்கள் வாய்க்குள்ளதான் தமிழ் கதைக்கிறனாங்கள், எனக்கு ஒரு கணம் என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. அட்டையை நீட்டினன். படத்தைப் பாத்தான், என்ர தலையைப் பாத்தான், "படத்துல முடி நெறைய இருக்குங்களே" எண்டு சிரிச்சிட்டு, "இப்ப எங்க இருக்கீங்க?"

சிங்களத்திலை கேட்டிருந்தால் விளங்காத மாதிரி நிண்டிருப்பன். தமிழிலை கேட்டாப் பிறகு பொய் வரேல்லை. "கனடா" எண்டன். நாலு வெளிநாடு, ஒரு உள்ளூர், மிச்சக் காசை எண்ணித் தந்து "உள்ள தொங்கு பாலத்துல மொத்தமா ஏறாதீங்கண்ணே" எண்டு புத்தியும் சொல்லி விட்டான். அவனிலை பிழை சொல்ல ஏலாது, அதுதான் இன்னும் எரிச்சல். நயாகராவிலை பூந்தோட்டத்துக்குச் சும்மா போகலாம், கார் நிப்பாட்டத்தான் காசு, அங்க ஒருத்தரும் எந்த ஊர் எண்டு கேக்கிறேல்லை. பிறந்த நாட்டிலை கேக்கிறாங்கள்.

உள்ளுக்கு 147 ஏக்கர், மகாவலி சுத்தி ஓடுது, பனை வரிசை, வௌவால் கூட்டம், குடைக்குக் கீழ சோடிகள், எல்லாம் அப்பிடியே. கண்டி ராசாக்கள் இருந்த இடம், 1821இலை வெள்ளைக்காரன் பூந்தோட்டம் ஆக்கினது. பிறகு இங்கிலாந்திலை அஞ்சாம் ஜோர்ஜ் ராசாவானவர் 1901இலை வந்து நட்ட நாகலிங்க மரத்தைப் பிள்ளையள் படம் எடுக்க, இவர் எந்த ரிக்கெட்டிலை உள்ளுக்கு வந்தவரோ எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிண்டன்.

திரும்பி வான் ஏறின உடன சின்னம்மா ஊருக்குப் போன் அடிச்சா. மரம் செடி ஒண்டும் சொல்லேல்லை. "ஓமடி, இவன்ர மொட்டையைக் கண்டு பிடிச்சிட்டாங்கள், எனக்கு மட்டும்தான் மலிவு."