ரிச்சரெல்லியா, குச்சிதாத்தியா? வீட்டு ஓவனுக்கு ஏற்ற இத்தாலிய கிறிஸ்துமஸ் பிஸ்கட் எது?

இத்தாலி முழுவதற்கும் பொதுவான கிறிஸ்துமஸ் பிஸ்கட் என்று ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர் மாறும். நேப்பிள்ஸில் தேனில் புரட்டிய ஸ்த்ரூஃபொலி, அப்ரூட்சோவில் இரும்பு அச்சில் சுடும் பிட்செல்லே, டஸ்கனியின் சியெனாவில் ரிச்சரெல்லி, சிசிலியில் குச்சிதாத்தி. வீட்டில் எதைச் செய்யலாம் என்று தேடினால் பத்து வகை, பதினைந்து வகை என்று பட்டியல்தான் கிடைக்கிறது. பண்டிகை நேரத்தில் ஒரு வீட்டில் ஒன்று சுடலாம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்த்ரூஃபொலி எண்ணெயில் பொரிப்பது, ஓவனுக்கு அதில் வேலையே இல்லை. பிட்செல்லேவுக்கு அதற்கென்றே உள்ள அச்சு வேண்டும். இரண்டையும் விட்டுவிடலாம். உண்மையான போட்டி ரிச்சரெல்லிக்கும் குச்சிதாத்திக்கும்தான். டஸ்கனியின் இன்னொரு பிஸ்கட்டான கந்தூச்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரிச்சரெல்லியின் பொருட்கள் மிகக் குறைவு: பாதாம், சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பிய ஒரு பிரபு கொண்டுவந்தது என்று சியெனாவில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இதற்குக் கிடைத்தது. சாய்சதுர வடிவம், மேலே வெள்ளையாகப் பொடித்த சர்க்கரை, அதில் லேசான வெடிப்புகள், உள்ளே ஈரம் மாறாத மென்மை. இதுதான் நல்ல ரிச்சரெல்லிக்கு அடையாளம்.

பொருள் குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. பாதாம் மட்டமாக இருந்தால் அதை மறைக்க இதில் வேறு எதுவும் இல்லை. கடையில் பொடித்து விற்கும் பாதாம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். முழு பாதாமைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் தோலை விட்டு வழுக்கி வெளியே வந்துவிடும். துணியில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகுதான் மிக்ஸியில் போட வேண்டும். தனியாக அரைத்தால் ஜாரின் சூட்டில் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். 200 கிராம் பாதாமுக்கு 200 கிராம் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதிச் சர்க்கரையைப் பாதாமோடு சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். அப்போது ஈர மணல் மாதிரி பொலபொலவென்று வரும்.

மீதிச் சர்க்கரையையும் துருவலையும் கலந்து, வெள்ளைக்கருவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு முட்டைக்குள் போதும். கையில் ஒட்டும், ஆனால் உருட்டினால் நிற்கும், அந்தப் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மூடி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த இரவை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் ஓவனில் பிஸ்கட் பரந்து வட்டமாகிப் போகிறது. மறுநாள் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வடிவம் கொடுத்து, பொடித்த சர்க்கரையில் நன்றாகப் புரட்டி, 150 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். சின்ன ஓவனாக இருந்தால் மேல் கம்பியை அணைத்துவிட்டு கீழ்ச்சூட்டில் மட்டும் சுடுங்கள். நிறம் மாறவே கூடாது. தொட்டுப் பார்த்தால் இன்னும் வேகவில்லையோ என்று தோன்றும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், ஆறும்போது அதுவே இறுகிக்கொள்ளும். சியெனாவில் அடியில் ஓஸ்தியா என்ற மெல்லிய வேஃபர் தாளை வைப்பார்கள், கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கும் அப்பம் போன்றதேதான். அது கிடைக்காவிட்டால் பட்டர் பேப்பர் போதும்.

ஓர் எச்சரிக்கை. பழைய குறிப்புகளில் மணத்துக்குக் கசப்பு பாதாம் சேர்க்கச் சொல்லியிருக்கும். கசப்பு பாதாமிலும் ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பிலும் உள்ள அமிக்டலின் உடலுக்குள் சயனைடை வெளிவிடும். வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம், உணவுக்கான பாதாம் எசன்ஸ் இரண்டு சொட்டு போதும்.

சரி, குச்சிதாத்திக்கு வருவோம். இதன் குணமே வேறு. அத்திப்பழப் பூரணத்தை இனிப்பு மாவில் சுற்றிச் சுடுவது. சிசிலியில் கோடையில் காயவைத்த அத்திப்பழம் குளிர்காலத்தில் பண்டிகைப் பலகாரமாகிறது. பூரணத்தில் அத்தியோடு திராட்சை, பாதாம், அக்ரூட், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, கறுப்புச் சாக்லேட், தேன், மார்சாலா ஒயின் எல்லாம் சேரும். 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை அந்தத் தீவு அரபு ஆட்சியில் இருந்தது. கரும்பும் கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் அங்கே வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். அந்த வரலாறு முழுவதும் இந்தப் பூரணத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். பெரிய வளையமாகச் செய்தால் புச்செல்லாத்தோ என்பார்கள். சின்னச் சின்னதாக வெட்டினால் குச்சிதாத்தி.

அரை கிலோ அத்திக்கு 100 கிராம் திராட்சை, 200 கிராம் கொட்டைகள், 50 கிராம் சாக்லேட், மூன்று மேசைக்கரண்டி தேன். நம் கடைகளில் கயிற்றில் கோத்து விற்கும் அத்தி கொஞ்சம் கடினமானது. காம்பை வெட்டிவிட்டுப் பத்து நிமிடம் சுடுநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து அரையுங்கள். மையாக அரைக்காதீர்கள், கொட்டை பல்லில் அகப்பட வேண்டும். மார்சாலாவுக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு ஊற்றலாம், சுவை கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும், ஆனாலும் நன்றாகவே இருக்கும். பூரணத்தை ஒரு நாளாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். பட்டையும் கிராம்பும் அத்தியில் ஊறிச் சேர அந்த நேரம் தேவை.

மேல்மாவுக்கு அரை கிலோ மைதா, 150 கிராம் சர்க்கரை, 200 கிராம் கொழுப்பு, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பிசையத் தேவையான பால் அல்லது முட்டை. சிசிலியில் பன்றிக் கொழுப்புதான் வழக்கம், நமக்கு வெண்ணெய் சரிப்படும். மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நீளப் பட்டையாகத் தேய்த்து, கட்டைவிரல் பருமனுக்குப் பூரணத்தை உருட்டி நடுவில் வைத்துச் சுற்றுங்கள். மூட்டு அடிப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வாய் பிளந்துவிடும். துண்டுகளாக வெட்டி மேலே இரண்டு மூன்று கீறல் போட்டால் ஆவி வெளியேறும், பூரணமும் எட்டிப் பார்க்கும். 180 டிகிரியில் இருபது நிமிடம். ஆறிய பிறகு பொடித்த சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் குழைத்துப் பூசி, வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவுங்கள்.

இரண்டில் எது? ருசியை மட்டும் வைத்துச் சொன்னால் ரிச்சரெல்லி ஒரு படி மேல். பாதாமின் சுவையை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் வேறு பிஸ்கட் எனக்குத் தெரியாது. ஆனால் பண்டிகைக்கு ஒன்றே ஒன்று சுடுவதென்றால் நான் குச்சிதாத்தியைத்தான் சொல்வேன். அது ஆள் கேட்கும் வேலை. ஒருவர் மாவு தேய்க்க, ஒருவர் பூரணம் உருட்ட, பிள்ளைகள் மணி தூவ என்று வீடே உட்கார்ந்து செய்யலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்கும் பால் ஊற்றிப் பிசைந்தால் போதும், ரிச்சரெல்லியில் அந்த வழி கிடையாது. ரிச்சரெல்லி ஒரு வாரத்தில் இறுகத் தொடங்கிவிடும், குச்சிதாத்தி காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். தனியாகச் சமைப்பவர், நல்ல பாதாம் கையில் இருப்பவர், மைதாவைத் தவிர்ப்பவர், இவர்கள் யோசிக்காமல் ரிச்சரெல்லி செய்யலாம்.

கந்தூச்சியை ஏன் போட்டியில் சேர்க்கவில்லை என்றால், டஸ்கனியில் அது வருடம் முழுவதும் சாப்பிடுவது. பிராத்தோ நகரில் அந்தோனியோ மத்தேயி 1858-இல் தொடங்கிய கடையால் புகழ்பெற்றது. இருமுறை சுட்டு, கல் மாதிரி இறுகி, வின் சாந்தோ ஒயினில் தோய்த்துத் தின்பது. தூரத்து ஊருக்குப் பார்சல் அனுப்ப இதை மிஞ்ச எதுவும் இல்லை, அதற்காக மட்டும் செய்யுங்கள்.

இரண்டும் செய்யும் தெம்பு இருந்தால் ஒரே நாளில் குச்சிதாத்திப் பூரணத்தையும் ரிச்சரெல்லி மாவையும் தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரிச்சரெல்லிக்கு வெள்ளைக்கரு போக மிஞ்சும் மஞ்சள்கருவைக் குச்சிதாத்தி மாவில் சேர்த்துப் பிசைந்தால் மாவு இன்னும் கரகரப்பாக வரும், எதுவும் வீணாகாது.