பாஸ் லீவுல இருக்கப்ப பையர் மீட்டிங் எடுக்க ஜூம் எப்படி இருக்கு

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா (ஆர்டர ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கறவங்க) இருக்கேன், எங்ககிட்ட துணி வாங்கற ஜெர்மனி பையரோட வாராவாரம் ஜூம்ல மீட்டிங் நடக்கும். எப்பவும் எங்க பாஸ், ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) சார்தான் பேசுவாரு, பையன் கல்யாணத்துக்கு அவர் லீவு போட்டதால இந்த தடவ நான் அவர் இடத்துல உக்காந்தேன். பாஸுக்கு பதிலா மீட்டிங் எடுக்கறவங்களுக்கு ஜூம் சரிப்படுமான்னு மட்டும்தான் இங்க சொல்றேன். நல்லாவே சரிப்படும்ங்க, ஆனா பாஸ் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலைய முடிச்சு குடுத்துட்டு போகணும்.

அதுதான் நம்மள ஆல்டர்நேட்டிவ் ஹோஸ்ட்டா, அதாவது ஹோஸ்ட்டுக்கு (மீட்டிங்க நடத்தறவருக்கு) பதிலா நடத்தறவரா போட்டுட்டு போறது. நிறைய பேர் இதையும் கோ-ஹோஸ்ட்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க, ரெண்டும் வேற. கோ-ஹோஸ்ட்ட மீட்டிங் ஆரம்பிச்ச அப்புறம் ஹோஸ்ட்தான் போட முடியும், அவரே வரலைன்னா யாரு போடறது? ஆல்டர்நேட்டிவ் ஹோஸ்ட்டா நம்ம ஈமெயில ஷெட்யூல் பண்றப்பவே போட்டுடலாம், நமக்கு மெயில் வந்துடும், அவர் இல்லாமயே நம்ம மீட்டிங்க ஸ்டார்ட் பண்ணி வெயிட்டிங் ரூம்ல நிக்கற பையர உள்ள விடலாம். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட்ல காசு கட்டின லைசென்ஸ் இருக்கணும், இது சின்ன யூனிட்டுக்கு கொஞ்சம் செலவுதான். ஃப்ரீ அக்கவுண்ட்ல 40 நிமிஷத்துல கட் ஆயிடும், லேப் டிப்புல (துணிக்கு கலர் ஓகே பண்ண போடற சாம்பிள்) ஆரம்பிச்சு ஷிப்மெண்ட் வரைக்கும் பேசற மீட்டிங்குக்கு அது பத்தவே பத்தாது.

எனக்கு ரொம்ப கை குடுத்தது சாட்டுல ஒருத்தருக்கு மட்டும் மெசேஜ் போடற வசதி. பையர் நேவி கலர் துணி எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு கேட்டாங்க, ஜிஎம் சாருக்குன்னா எல்லாம் மனசுலயே இருக்கும், எனக்கு அந்த லாட் டையிங்ல (சாயம் போடற இடம்) இருந்து வந்துச்சான்னு உறுதியா தெரியணும். அதே மீட்டிங்ல இருந்த எங்க ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணாவுக்கு தனியா "அண்ணா நேவி காம்பாக்டிங் முடிஞ்சுதா"ன்னு தட்டினேன் (காம்பாக்டிங்னா டையிங்குக்கு அப்புறம் துணி சுருங்காம இருக்க பண்ற வேலை), "முடிஞ்சுதுப்பா, கட்டிங்குக்கு போயிடுச்சு"ன்னு உடனே பதில் வந்துச்சு. பையர் அடுத்த கேள்விக்கு போறதுக்குள்ள பதில் சொல்லியாச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி மேல யார் பேர் செலக்ட் ஆகியிருக்குன்னு மட்டும் பாத்துக்கங்க, எவ்ரிஒன்னு இருந்தா பையரும் படிச்சுடுவாங்க.

ஸ்கிரீன் ஷேர்ல முழு டெஸ்க்டாப்ப குடுக்காதீங்க. டி அண்ட் ஏ ஷீட் (எந்த வேலை எந்த தேதில முடியணும்ங்கற அட்டவணை) இருக்கற விண்டோவ மட்டும் செலக்ட் பண்ணி குடுத்தா பக்கத்துல திறந்திருக்கற காஸ்டிங் ஷீட் (நம்ம செலவு கணக்கு) அவங்க கண்ணுல படாது. இந்த ஒரு வசதிக்கே தாராளமா மார்க் போடலாம்.

ஆனா எந்த ஆப்பும் பண்ண முடியாத வேலையும் ஒண்ணு இருக்கு. கடைசில பையர் மீதி பீஸ்கள உங்க செலவுல ஏர்ல அனுப்பறீங்களான்னு கேட்டாங்க. எந்த அளவுக்கு நான் ஒத்துக்கலாம், எதுல வாய திறக்கக்கூடாதுன்னு ஜிஎம் சார் முதல் நாளே சொல்லிட்டு போயிருந்தாரு, ஏர் ஃப்ரெய்ட் ரெண்டாவது லிஸ்ட்ல இருந்துச்சு. "சார்கிட்ட கேட்டு நாளைக்கு மெயில் பண்றேங்க"ன்னு சொன்னேன், அவங்களும் சரின்னுட்டாங்க. பதிலுக்கு போறவங்க இத கட்டாயம் முன்னாடியே கேட்டு வாங்கிக்கணும், ஹோஸ்ட் பட்டன் கைல இருக்குங்கறதால பணத்துக்கு வாக்கு குடுக்கற அதிகாரம் நமக்கு வந்துடாது.

ரெக்கார்டிங் பத்தியும் சொல்லிடறேன். கிளவுட்ல ரெக்கார்ட் பண்ணா அது மீட்டிங்க ஷெட்யூல் பண்ண பாஸ் அக்கவுண்ட்டுக்குதான் போகும், நம்மகிட்ட வராது. அன்னைக்கே மினிட்ஸ் (மீட்டிங்ல பேசினதோட குறிப்பு) அடிச்சு பையருக்கு அனுப்பணும்னா நம்ம கம்ப்யூட்டர்லயே சேவ் ஆகற மாதிரி போட்டுக்கங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பையர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.