ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய்க்குத் துணை மருந்தாக நுவிஜில்: தேறவில்லை

பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி எனும் தூக்க நோய்க்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்மோடஃபினில் மாத்திரைதான் நுவிஜில், அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. சரி, விழிக்க வைக்கும் மருந்து மூளையையும் சுறுசுறுப்பாக்காதா என்று இதைத் தயாரித்த செஃபலான் நிறுவனம் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 60 பேரை வைத்து 4 வாரம் நடந்த சோதனையில் நினைவாற்றல், கவனம் எதுவும் கூடவில்லை. ஆனால் 200 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் வேறொன்று தெரிந்தது: பேச்சு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்தே இருக்கும் நிலை கொஞ்சம் தணிந்த மாதிரி. வழக்கமான மருந்துகள் பெரிதாகத் தொடாத பகுதி என்பதால் எல்லோருக்கும் ஆசை வந்திருக்கும், எனக்கே படித்தபோது வந்தது. அப்புறம் 24 வாரத்துக்குப் பெரிய சோதனை வைத்தார்கள், டம்மி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை!

தலைவலி சகஜம், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், அரிதாக மனநோய் அறிகுறிகளையே கிளறிவிடும். வீட்டில் ஸ்கிசோஃப்ரினியா உள்ள ஒருவர் பகலெல்லாம் தூங்கி வழிந்தால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், இப்போது எடுக்கும் மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றி மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். நுவிஜிலுக்கு என் மதிப்பெண்: தூக்க நோய்க்கு ஐந்துக்கு நாலு, ஸ்கிசோஃப்ரினியாவுக்கு ஒன்று.