டிரேட்மார்க் மறுக்கப்பட்டால் எந்த நீதிமன்றம்?

அமெரிக்காவில் டிரேட்மார்க் விண்ணப்பத்தை அரசின் காப்புரிமை, டிரேட்மார்க் அலுவலகம் நிராகரித்து, அதன் மேல்முறையீட்டு வாரியமும் கைவிரித்துவிட்டால் இரண்டு வழிகள் மிஞ்சும். ஒன்று, இத்தகைய மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. மற்றொன்று, மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக வழக்கு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது போய்விடும்.

ஃபெடரல் சர்க்யூட்டில் செலவு குறைவு. ஆனால் வாரியத்தில் தாக்கல் செய்த ஆவணங்களை வைத்துத்தான் வாதாட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் புதுச் சான்று கொண்டுவரலாம். நீதிபதி அதைத் தானே எடைபோடுவார். வெறும் பொதுப்பெயர் என்று மறுக்கப்பட்ட ஹோட்டல் முன்பதிவுத் தளம் புக்கிங்.காம் பிழைத்தது இப்படித்தான். அங்கே அது கொடுத்த கருத்துக்கணிப்பில் 74.8 சதவீதம் பேர் அந்தப் பெயரை ஒரு பிராண்டாகவே பார்த்தார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றமும் 8-க்கு 1 என்று அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் வழக்கின் 'எல்லாச் செலவும்' வழக்குப் போட்டவர் தலையில் என்கிறது சட்டம். காப்புரிமைச் சட்டத்தில் இதே ஏற்பாடு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. இருந்தும் தன் வக்கீல்களின் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அலுவலகம் கேட்க ஆரம்பித்தது 2013 வாக்கில்தான். 2015-இல் ஷாமஸ் என்ற டிரேட்மார்க் வழக்கில் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தலையாட்டி, சுமார் 36,000 டாலர் கட்டச் சொன்னது. வழக்கில் ஜெயித்த சிறு வியாபாரிகூட அரசு வக்கீலுக்குப் படியளக்க வேண்டும் என்பது அப்பட்டமான அநியாயம்.

அதை உடைத்தது 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த நான்ட்க்வெஸ்ட் தீர்ப்பு. அது காப்புரிமை வழக்கு. அலுவலகம் கேட்ட வக்கீல் ஃபீஸ் 78,592.50 டாலர். அவரவர் வக்கீலுக்கு அவரவரே கொடுப்பதுதான் அமெரிக்க மரபு, அதை மாற்றச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீதிபதி சோட்டோமயோர் எழுதினார். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இருந்தார்கள். டிரேட்மார்க் சட்டத்திலும் ஏறத்தாழ அதே வாசகம் என்பதால் ஷாமஸ் தீர்ப்பு நின்ற தரையே போய்விட்டது.

ஆனால் நிபுணர் கட்டணம் போன்றவை இன்னும் வழக்குப் போட்டவர் பொறுப்புதான். நான்ட்க்வெஸ்டில் அந்தத் தொகை மட்டும் 33,000 டாலரைத் தாண்டியது.

சட்டத்தை வாரியம் தவறாகப் புரிந்துகொண்டது என்பது மட்டுமே வாதமென்றால் ஃபெடரல் சர்க்யூட்டே போதும். வாடிக்கையாளர் அந்தப் பெயரை எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் தகராறு, அதற்கான சான்று இன்னும் கோப்பில் ஏறவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தைத் தவிர வேறு வழியில்லை. விண்ணப்பம் இன்னும் அலுவலகத்திலேயே இருக்கிறதா? கருத்துக்கணிப்பை இப்போதே எடுத்துத் தாக்கல் செய்துவிடுங்கள். மாவட்ட நீதிமன்றச் செலவுக்கே வேலையிருக்காது.