இரும்பு மாத்திரையும் கால்சியமும்: ஒன்றாகவா, தனித்தனியாகவா?

என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது, காலை இட்லி சாப்பிட்ட கையோடு சிவப்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கி, மேலே காபியும் குடித்துவிடுவாள். மாசக்கணக்கில் ஒரு வேளை தவறாமல் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை.

ஒன்றாகப் போடுவதில் இருக்கும் ஒரே லாபம், மறக்காது என்பதுதான். விஷமாகிவிடாது, சரி. ஆனால் கால்சியம் கூட இருந்தால் குடல் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு குறைகிறது, காபியும் டீயும் அதை இன்னும் குறைத்துவிடும். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குத் தருவது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை, அதோடு 500 மில்லிகிராம் கால்சியம் இரண்டு வேளை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரமாவது விட வேண்டும்.

பிரித்துப் போடுவதைத்தான் நான் சொல்வேன். கடையில் அதிகம் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் அது காலை, இரவுச் சாப்பாட்டோடு. இரும்பு 11 மணி வாக்கில், எலுமிச்சை ஜூஸோடு. குமட்டினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் வாந்தியில் முழுதாகப் போவதைவிட மேல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருந்தும், அதற்குச் சாப்பாடு அவசியமில்லை, ஆனால் அதில் கால்சியம் 21 சதவீதம்தான், கார்பனேட்டில் 40.

ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு போடுவது இன்னொரு வழி. இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த நாள் வரைக்கும் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், இடைவெளி விட்டவர்களுக்கே அதிகம் சேர்ந்தது. வயிற்று உபாதை அதிகம் இருப்பவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாகவே தினசரி மாத்திரையைக் குறைக்கவே கூடாது.

துத்தநாக மாத்திரையும் இருந்தால், வெறும் வயிற்றில் இரும்போடு சேர்க்காமல் சாப்பாட்டோடு போடுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் அதிலிருந்து 4 மணி நேர இடைவெளி தேவை. காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால் இரும்பு 10.30க்கு, கால்சியம் மதியமும் இரவும்.