முழு உரையா, குறிப்புச் சீட்டா?

5 நிமிடம் பேசச் சொல்லிவிட்டார்கள். வரிக்கு வரி எழுதிக்கொண்டு போவதா, நாலு குறிப்போடு மேடை ஏறுவதா?

தயாரிப்பு
உரை: நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். ஆக 500 சொல் எழுத வேண்டும், வெட்டித் திருத்த வேண்டும். ஒரு மாலை போய்விடும்.
குறிப்பு: எழுதப் பத்து நிமிடம் போதும். ஆனால் நாலைந்து முறை வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

நேரக் கட்டுப்பாடு
உரை: சொன்ன நேரத்துக்குள் முடியும்.
குறிப்பு: கை தட்டினால் இழுக்கத் தோன்றும்.

தடுமாறினால்
உரை: பார்த்துப் படித்தால் பிழைத்தோம், ஆனால் கண் தாளிலேயே கிடக்கும். மனப்பாடம் இன்னும் ஆபத்து. ஒருமுறை 'ஆகவே' என்று தொடங்கினேன், அடுத்த சொல் வரவில்லை. மூன்று தடவை 'ஆகவே' சொன்னபின் முன்வரிசையில் சிரித்துவிட்டார்கள்.
குறிப்பு: சொல் மறந்தாலும் கருத்து கையில் இருக்கும், வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1963-இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிய உரையோடுதான் நின்றார். இன்றும் பேசப்படும் 'எனக்கொரு கனவு உண்டு' என்ற பகுதி அந்தத் தாளில் இல்லை, மேடையில் வாயில் வந்தது.

இரங்கல் கூட்டம், பெயர்களும் புள்ளிவிவரமும் நிறைந்த அறிக்கை என்றால் எழுதியே படியுங்கள். வாழ்த்து, அறிமுகம், நன்றியுரை என்றால் சீட்டு போதும். அப்போதும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் முழுசாக எழுதிக்கொள்வேன். மற்றதெல்லாம் ஒற்றைச் சொற்கள்தான், கை நீட்டிய தூரத்தில் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.