வீட்டு நீச்சல் குளத்துப் பாசிக்கு பாலிகுவாட் 60

ஈசிஆர் பக்கம் எங்கள் வீட்டுக் குளம் சுமார் 40,000 லிட்டர் பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் சுவரெல்லாம் பச்சை வழுவழுப்பு. கடையில் பாலிகுவாட் 60 மருந்து வாங்கினேன். நல்ல மருந்து, ஆனால் அதன் வேலை பாசி வராமல் தடுப்பதுதான். ஏற்கெனவே பிடித்த பாசியைக் கொல்வது குளோரின்.

அதனால் முதலில் ஆசிட் விட்டு பிஎச் அளவை 7.2-க்குக் கொண்டுவந்தேன். அந்த அளவில் குளோரினுக்கு வீரியம் அதிகம். அப்புறம் சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்பக்கம் எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயில் இறங்கியபின் திரவ குளோரின். பகலில் ஊற்றினால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் சேர்த்துக் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். பம்ப் இரவு பகலாக ஓடியது, பிரஷர் ஏறும்போதெல்லாம் மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்தோம், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றினோம்.

தண்ணீர் தெளிந்து குளோரின் அளவு இறங்கியபின்தான் பாலிகுவாட். குளோரின் மிக அதிகமாக இருந்தால் இந்த மருந்தையே சிதைத்துவிடும். மலிவான பாசி மருந்துகள் சிலவற்றைப்போல இது நுரைக்காது. தாமிரம் இல்லாததால் சுவரில் கறையும் விழாது, எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. விலைதான் கொஞ்சம் கூடுதல். ஆனால் வாரம் ஒருமுறை சிறிதளவு ஊற்றினால் போதும், ஒரு பாட்டில் நிறைய நாள் வருகிறது.